எந்த சாஃப்ட்வேர் வாங்குவது? சனிக்கிழமைக் கணக்கு சொல்லும்

கேள்வி: பல்லடத்தில் அப்பா காலத்திலிருந்து கட்டிட ஒப்பந்த வேலை செய்து வருகிறோம். இப்போது கையில் நான்கு வேலைகள். தாராபுரம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனிக்கு, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் பி.இ.பி. இரும்பு ஷெட். சரவணம்பட்டியில் எங்கள் சொந்த முதலீட்டில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி. பொள்ளாச்சியில் ஒரு டாக்டருக்குக் கிளினிக்கோடு சேர்ந்த வீடு. உடுமலை பக்கம் ஓர் அரசுக் கட்டிடம். மூன்று இன்ஜினியர்கள், இரண்டு சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். நான்கு வேலையும் தாமதம். ஏன் தாமதம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

அப்பா எல்லாவற்றையும் டைரியில்தான் எழுதுவார், இன்றும் எழுதுகிறார். மகள் எம்.இ. கட்டுமான மேலாண்மை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். பிரைமவேராதான் வாங்க வேண்டும் என்கிறாள். போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர் செல்போன் ஆப் ஒன்றைக் காட்டினார், மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் தள்ளுபடியாம். தொழிலில் இருக்கும் நண்பரோ எக்செல் போதும், காசைக் கரியாக்காதே என்கிறார். எதை வாங்குவது? இலவசமாகக் கிடைப்பது எங்களுக்குப் போதுமா? மேஸ்திரிகள் ஒத்துழைப்பார்களா? பிரைமவேரா இல்லாமல் அரசு வேலை எடுக்கவே முடியாதா?

– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: இந்த மாதக் கடைசிக்குள் எதையும் வாங்காதீர்கள். தள்ளுபடி அடுத்த மாதமும் வரும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். வேலைத் திட்டத்தை யார், எந்தக் கிழமை, எந்தக் கணக்கை வைத்துப் புதுப்பிக்கப் போகிறார்கள்? இதற்குப் பதில் இருந்தால் நீங்கள் எதை வாங்கினாலும் ஓரளவு உதவும். பதில் இல்லையென்றால் முதல் மாதம் வண்ண வண்ணமாக ஒரு சார்ட் அச்சாகி ஆபீஸ் சுவரில் ஏறும். ஆறு மாதம் கழித்தும் அதே சார்ட்தான் தொங்கும், தேதிகள் மட்டும் பழசாகியிருக்கும். இந்தப் பக்கத்தில் நான் போகிற பல கட்டுமான ஆபீஸ்களில் அப்படியொரு சார்ட் இருக்கிறது.

புதுப்பிப்பது ஏன் முக்கியம், எதைப் பார்த்து வாங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

கணக்கு ஒன்றுதான்

திட்டமிடும் மென்பொருள் எதுவானாலும் உள்ளே ஓடுவது ஒரே கணக்கு. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது அது. 'கிரிட்டிக்கல் பாத் மெத்தட்', சுருக்கமாக சி.பி.எம். அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று கொடுத்தால், எந்தச் சங்கிலி மொத்த வேலையையும் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

உங்கள் ஷெட்டையே எடுத்துக்கொள்வோம். நாட்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. உங்கள் நாட்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் இரும்பு வேலை: டிராயிங் தயாராகி ஒப்புதல் ஆக 12 நாள், தொழிற்சாலையில் ஃபேப்ரிகேஷன் 45 நாள், லாரியில் வந்து இறங்க 3 நாள். மொத்தம் 60.

இன்னொரு பக்கம் சிவில் வேலை: தோண்ட 6 நாள், ஃபுட்டிங் 15 நாள், ஆங்கர் போல்ட்டோடு பெடஸ்டல் 10 நாள், க்யூரிங் 7 நாள். மொத்தம் 38.

இரண்டும் முடிந்தால்தான் கிரேன் வந்து தூண் தூக்கும். ஆக, சிவில் பக்கம் 22 நாள் தாராளமாக இருக்கிறது. அதைத்தான் 'ஃப்ளோட்' என்கிறோம். இப்போது யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் நீங்கள் யாரைச் சத்தம் போடுகிறீர்கள்? ஃபுட்டிங் போடுகிற மேஸ்திரியை. அவர் ஒரு வாரம் தாமதித்தாலும் ஷெட்டுக்கு ஒன்றும் ஆகாது. பனியன் கம்பெனிக்காரர் டிராயிங்கில் கையெழுத்துப் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்தால் ஷெட் ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்தத் தாமதம் பத்து நாளாகிவிட்டால் ஆங்கர் போல்ட் டிராயிங்கும் இல்லாமல் பெடஸ்டல் வேலையும் நிற்கும். தாமதத்துக்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காரணம் உண்மையிலேயே முடியும் தேதியைத் தள்ளியது, எது தள்ளவில்லை என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கணக்கின் வேலை.

இந்தக் கணக்கை இலவச மென்பொருளும் செய்யும், லட்சக்கணக்கில் விற்பதும் செய்யும். விலை வித்தியாசம் வேறு இடங்களில் வருகிறது: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எத்தனை ஆயிரம் வேலைகளைத் தாங்கும், பல தளங்களுக்கும் ஆள், இயந்திரம் பங்கிட முடியுமா, யார் எந்தத் தேதியை மாற்றினார் என்று தடம் இருக்குமா. உங்கள் நான்கு வேலைகளுக்கு இவற்றில் எது தேவை என்பதைப் பிறகு பார்ப்போம்.

சனிக்கிழமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது

மேஸ்திரிகள் ஒத்துழைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வாரா வாரம் ஒத்துழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடக்கிறது? சூப்பர்வைசர் டேப்பைப் பிடித்துக்கொண்டு போவார். பூச்சு எத்தனை சதுரம், கட்டு வேலை எவ்வளவு, கம்பி எத்தனை டன் என்று அளப்பார். மேஸ்திரியும் பக்கத்தில் நின்று அளவு குறையாமல் பார்த்துக்கொள்வார். அதை வைத்துத்தான் வாரப் பணம் கொடுக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தில் எழுதப்படும் கணக்குகளிலேயே இதுதான் நேர்மையானது. கூடச் சொன்னால் நீங்கள் விடமாட்டீர்கள், குறைத்துச் சொன்னால் அவர் விடமாட்டார்.

வேலைத் திட்டத்துக்கு வேண்டிய முன்னேற்ற விவரமும் இதேதான். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் இந்த அளவு பணக் கணக்கோடு நின்றுவிடுகிறது. திட்டத்துக்கென்று திங்கட்கிழமை இன்ஜினியர் போனில் கேட்பார். அந்தப் பக்கம் "இன்னும் ரெண்டு நாளுங்க, முடிச்சர்லாமுங்க" என்று பதில் வரும். அடுத்த திங்களும் அதே இரண்டு நாள்தான்.

ஆகவே சனிக்கிழமை அளவு எடுக்கும்போதே மேலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காதீர்கள். எந்த வேலையும் வெகு சீக்கிரம் தொண்ணூறு சதவீதத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். 'இதை முடிக்க இன்னும் எத்தனை நாள், எத்தனை ஆள்?' என்று கேளுங்கள். 'அடுத்த சனிக்குள் எதை முடித்துக் கொடுக்கிறீர்கள்?' என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை, சொன்னதில் எத்தனை நடந்தது என்று எண்ணுங்கள். பத்து வேலை சொல்லி ஆறு நடந்திருந்தால் அறுபது சதவீதம். 1990-களில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த 'லாஸ்ட் பிளானர்' முறையின் மையம் இந்த எண்தான். அதற்கு ஒரு வெள்ளைப் பலகை போதும். நடக்காத நான்குக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: எம்-சாண்ட் வரவில்லை, டிராயிங் இல்லை, ஆள் ஊருக்குப் போய்விட்டார், எலெக்ட்ரீஷியன் பைப் போடவில்லை. எட்டு வாரம் கழித்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். நான்கு வேலையும் ஏன் தாமதம் என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் இருக்காது, திரும்பத் திரும்ப இரண்டு மூன்று காரணங்கள்தான் இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். திட்டத்தில் வேலைகளை எந்த அளவுக்குப் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சனிக்கிழமை பயன்படும். 'முதல் மாடி வேலை – 60 நாள்' என்று ஒரே வரியாக எழுதினால் எந்தச் சனிக்கிழமையும் ஒன்றும் சொல்லாது. ஒரு வீட்டை எண்ணூறு வரியாகப் பிரித்தால் புதுப்பிக்கவே ஓர் ஆள் வேண்டும். எந்த வேலையும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் முடிகிற மாதிரி பிரித்தால் போதும். பொள்ளாச்சி வீட்டுக்கு நூறு வரிக்குள் அடங்கிவிடும்.

டைரியைத் தூக்கிப் போடாதீர்கள்

மகள் பிரைமவேராவில் பெட்டி பெட்டியாகப் போட்டு வைத்தாலும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எத்தனை நாள் என்று ஓர் எண் வேண்டும். பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த எண் பல்லடத்தில் பலிக்காது. உங்கள் அப்பாவின் டைரிகளில் அந்த எண் இருக்கிறது. எந்தத் தேதி லிண்டல் போட்டார், எந்தத் தேதி ரூஃப் கான்கிரீட், எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எந்த வாரம் மழை, எந்த வாரம் ஆள் இல்லை என்று அவர் எழுதியிருப்பார். மகளையும் அப்பாவையும் ஒரு வாரம் உட்கார வைத்து, கடைசி ஐந்தாறு வேலைகளிலிருந்து அடித்தளம், தளம், பூச்சு, தரை, பெயின்ட் என்று பத்துப் பதினைந்து வேலைகளுக்கு நாட்களை எடுத்து எழுதச் சொல்லுங்கள். மென்பொருள் கம்பெனி எதனாலும் உங்களுக்கு விற்க முடியாத விவரம் இது. வீட்டில் இருவருக்கும் இடையே இருக்கும் இழுபறியும் இதில் கொஞ்சம் தணியும்.

நாட்காட்டியும் அந்த டைரியிலிருந்துதான் வரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தோண்டும் வேலையை வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ளூர் ஆட்கள் எத்தனை நாள் வரமாட்டார்கள், பங்குனியில் மாரியம்மன் நோன்பு சாட்டினால் எந்தக் குழு ஊருக்குக் கிளம்பும் என்பதும் தெரியும். இப்போது சென்ட்ரிங்கிலும் கம்பி வேலையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் இருப்பதால் சத் பூஜையையும் ஹோலியையும் அவர்கள் ஊர்த் தேர்தலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டெமோவில் இதைக் கேளுங்கள்

விற்பனையாளர் தன் கம்பெனியின் மாதிரித் திட்டத்தைக் காட்டுவார். அதில் எல்லாம் பச்சையாக இருக்கும். அதை மூடச் சொல்லிவிட்டு உங்கள் சரவணம்பட்டிக் கட்டிடத்தின் ஒரு மாடியை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். பிறகு கீழே உள்ளவற்றைச் சோதியுங்கள்.

முதலாவது, முட்டுப் பிரிக்கும் சோதனை. ஐ.எஸ். 456:2000 விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் போட்டு ஒழுங்காக க்யூரிங் செய்த தளத்தில், இடைவெளி நாலரை மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை ஏழு நாள் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பதினான்கு நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை பதினான்கு, அதற்கு மேல் இருபத்தொன்று. கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகும். ஆனால் மென்பொருளில் ஞாயிறு விடுமுறை என்று வைத்துவிட்டு, கான்கிரீட்டுக்கும் முட்டுப் பிரிப்பதற்கும் இடையே '14 நாள்' என்று போட்டால், பல மென்பொருட்கள் அதை வேலை நாளாக எடுத்துக்கொண்டு பதினாறு, பதினேழு நாள் ஆக்கிவிடும். ஒரு மாடிக்கு இரண்டு மூன்று நாள் என்றால் நான்கு மாடிக்கு எத்தனை என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இதை 'இலாப்ஸ்டு டேஸ்' என்று தனியாகக் குறிக்கலாம். பிரைமவேராவில் இடைவெளிக்கு எந்த நாட்காட்டி என்று அமைக்கலாம். விற்பனையாளர் இதை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினால் அவருக்குக் கட்டிடம் தெரியும். விழித்தால், அவர் விற்பது அலுவலக வேலைக்கான மென்பொருள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கூடவே இதையும் கேளுங்கள்: என்னிடம் இரண்டு மாடிக்குத்தான் சென்ட்ரிங் சாமான் இருக்கிறது, அதை வைத்துத் தேதி போட முடியுமா? அடுக்குமாடியின் வேகத்தைப் பெரும்பாலும் கொத்தனார்கள் தீர்மானிப்பதில்லை. எத்தனை செட் பலகையும் முட்டும் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, பேஸ்லைன். தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட திட்டத்தைப் பூட்டி வைத்துவிட்டு, இன்றைய நிலையை அதன் பக்கத்தில் காட்டுமா? பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிய தேதி போட அனுமதிக்கிற எதுவும் தாமதத்தை மறைக்கத்தான் உதவும்.

மூன்றாவது, தளத்தில் உபயோகம். சிக்னல் இல்லாத இடத்தில் சூப்பர்வைசர் பதிவு செய்தால், வெளியே வந்ததும் தானாகப் போய்ச் சேருமா? தமிழில் எழுத முடியுமா? ஒரு நாள் பதிவுக்கு எத்தனை தட்டல்? உங்கள் சூப்பர்வைசரின் கையிலேயே போனைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். விற்பனையாளர் தன் விரலால் செய்து காட்டுவதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

நான்காவது, அளவும் பில்லும். சனிக்கிழமை எடுத்த அளவு ஒருமுறை ஏறினால், அதே அளவு மேஸ்திரி பணத்துக்கும், வேலை கொடுத்தவருக்கு அனுப்பும் பில்லுக்கும், திட்டத்துக்கும் போக வேண்டும். டேலியில் ஒன்று, எக்செல்லில் ஒன்று, ஆப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் எழுதச் சொன்னால் மூன்றாவது வாரமே ஏதாவது ஒன்று நின்றுவிடும். அது பெரும்பாலும் திட்டமாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது, வெளியே வரும் வழி. சந்தாவை நிறுத்தினால் என் விவரம் எந்த வடிவத்தில் கையில் கிடைக்கும்? பெரிய நிறுவனம் என்பதால் இது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டே தன் 'புராஜெக்ட் ஆன்லைன்' சேவையை 2026 செப்டம்பர் 30-ம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் புராஜெக்ட் வேறு, அது தொடர்கிறது. இருந்தாலும் இணையத்தில் மட்டும் விவரத்தை வைப்பவர்கள் வெளியேறும் வழியை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எது யாருக்கு

எக்செல்: நண்பர் சொல்வது பாதி சரி. அளவுக் கணக்குக்கும் பில்லுக்கும் எக்செல்லை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒரு தேதி மாறினால் அதைத் தொடர்ந்து வரும் நாற்பது தேதிகளையும் தானாக நகர்த்தும் வேலைக்கு அது பிறக்கவில்லை. கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிய எக்செல் சார்ட் படம்தான், திட்டம் அல்ல.

புராஜெக்ட்லிப்ரே, கான்ட்புராஜெக்ட்: இரண்டும் இலவசம், இரண்டும் கணினியில் நிறுவிக்கொள்பவை. வேலைகளுக்கு இடையே சங்கிலி போடலாம், கிரிட்டிக்கல் பாத் பார்க்கலாம். புராஜெக்ட்லிப்ரே மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்புகளையும் திறக்கும். ஒரே நேரத்தில் பலர் வேலை செய்ய இவை சரிப்படாது. பழகுவதற்கு இவை தாராளம். பொள்ளாச்சி வீட்டுக்குக் கடைசி வரையிலும் போதும்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்: உங்களைப் போல நான்கைந்து தளம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஆபீஸில் ஒரே ஒரு கணினியில் இது இருந்தால் போதும். ஆர்க்கிடெக்ட்டும் ஆலோசகர்களும் பொதுவாகக் கேட்கும் கோப்பு இதுதான். கோவை, ஈரோடு பொறியியல் கல்லூரிகளில் படித்து வரும் இளைஞர்களில் பலருக்கு இதில் கொஞ்சமாவது பழக்கம் இருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அது ஒரு வசதி.

ஜோஹோ புராஜெக்ட்ஸ்: சென்னை நிறுவனம். இணையத்தில் இயங்குவது. பலர் சேர்ந்து பார்க்கலாம். டிசைன், ஒப்புதல், கொள்முதல் போன்ற அலுவலக வேலைகளைத் தொடர நல்லது. தள வேலைக்கு முன்பு சொன்ன முட்டுச் சோதனையை இதிலும் நடத்திவிட்டு முடிவெடுங்கள்.

செல்போன் தள ஆப்கள்: பெங்களூரின் பவர்பிளே போன்றவை. ஆள் வருகை, பொருள் வரவு, தினசரிப் படம், தளக் குறிப்பு ஆகியவற்றுக்கு இவை மிக உபயோகம். வாட்ஸ்அப் குழுவில் நூறு 'குட் மார்னிங்' நடுவே தொலைந்துபோகும் தகவலை ஒழுங்குபடுத்தும். உங்களிடம் வந்தவர் காட்டியது இந்த வகை என்றுதான் தோன்றுகிறது. இது திட்டத்துக்கு விவரம் ஊட்டும். திட்டம் போடும் வேலையை இதன் தலையில் ஏற்றினால் தாங்குமா என்பதை மேலே சொன்ன சோதனைகளை வைத்துப் பாருங்கள்.

பிரைமவேரா பி6: 1983-ல் தொடங்கிய பிரைமவேரா நிறுவனத்தை 2008-ல் ஆரக்கிள் வாங்கியது. ஆயிரக்கணக்கான வேலைகள், பல ஒப்பந்ததாரர்கள், பின்னால் இழப்பீட்டு வழக்கு வரை போகக்கூடிய திட்டங்கள், இவற்றுக்கான கருவி இது. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு எழுந்து, 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட்ட மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். போக்குவரத்தை நிறுத்தாமல், தூண் தூணாக ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போக வேண்டிய வேலை. அந்தப் பருமனுக்கு இத்தகைய கனமான கருவி நியாயம். உங்கள் ஷெட்டுக்கு அது எறும்பு பிடிக்க யானை. மகள் சொல்வதில் தவறில்லை, அவளுடைய படிப்புக்கும் எதிர்காலத்துக்கும் அது அவசியமான திறமை. நிறுவனத்துக்கு இன்று அவசியமில்லை, அவ்வளவுதான்.

அரசு வேலையும் ரெராவும்

பிரைமவேரா இல்லாமல் அரசு வேலை எடுக்க முடியாதா என்பதற்கு விடை டெண்டர் ஆவணத்தில் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில், ஒப்பந்ததாரர் வேலைத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் அல்லது பிரைமவேராவில் தயாரித்துத் தர வேண்டும் என்று இருக்கிறது. 'அல்லது' என்பதைக் கவனியுங்கள். மற்ற துறைகளில் ஒவ்வொரு டெண்டரிலும் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். எங்காவது பிரைமவேரா மட்டும்தான் என்று இருந்தால் அந்த ஒரு வேலைக்கு வெளியே உள்ள பிளானிங் ஆலோசகரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். வருடத்துக்கு அப்படி இரண்டு மூன்று வேலைகள் வர ஆரம்பித்தால் அப்போது சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகும்.

அரசு வேலையில் மென்பொருளைவிடப் பெரிய ஆயுதம் தடைப் பதிவேடு. மத்தியப் பொதுப்பணித் துறையில் 'ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டர்' என்பார்கள். 2025 ஏப்ரலில் கல்குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லியும் எம்-சாண்டும் இல்லாமல் எத்தனையோ வேலைகள் நின்றன. ஸ்ட்ரைக் நடந்தது ஊருக்கே தெரியும் என்று சொன்னால் கால நீட்டிப்பு கிடைக்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வேலை நின்றது, அது கிரிட்டிக்கல் பாத்தில் இருந்ததா என்று காட்ட வேண்டும். முன் இரண்டையும் பதிவேடு சொல்லும், மூன்றாவதை வாரா வாரம் புதுப்பித்த திட்டம் சொல்லும். தனியார் வேலைக்கும் இதே பதிவேட்டை வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங் கையெழுத்தாகாமல் இருந்த நாட்களை அதில் எழுதி, பனியன் கம்பெனிக்காரருக்கு அன்றே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

சரவணம்பட்டி அடுக்குமாடியில் நீங்கள் ஒப்பந்ததாரர் மட்டுமல்ல, புரமோட்டரும்கூட. வீடுகள் எட்டுக்கு மேல் இருக்கின்றன. நிலமும் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவு கட்டாயம். அங்கே நீங்கள் எழுதிக்கொடுக்கும் முடியும் தேதி சட்டப்படியான வாக்குறுதி. அந்தத் தேதியில் சாவி கொடுக்காவிட்டால், வீடு வாங்கியவர் பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். விலகாமல் காத்திருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி வட்டி, ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர். (கடனுக்கான அடிப்படை வட்டி) விகிதத்தோடு மேலும் இரண்டு சதவீதம். கால நீட்டிப்புக்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவை. உங்கள் தவறில்லாத மற்ற நியாயமான சூழ்நிலைக்கு மொத்தமே ஓராண்டு வரைதான் ஆணையம் தரலாம். ஆள் கிடைக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வாங்குபவர்களிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்த விகிதத்துக்குத்தான் அதிலிருந்து எடுக்கலாம்; அதற்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரின் சான்று வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலவரத்தை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, எவ்வளவு வேலை முடிந்தது என்ற கணக்கு. நான்கு வேலைகளில் எதில் முதலில் திட்டம் போடுவது என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இங்கே தாமதத்துக்கு நேரடியாக வட்டி ஓடுகிறது.

செலவுக் கணக்கு

விலைப்பட்டியலில் இருப்பது உரிமக் கட்டணம் மட்டும். அதை இயக்கும் ஆளின் நேரம் அதைவிடப் பெரிய செலவு. வாரத்தில் ஒரு முழு நாள், திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் நான்கு தளங்களின் சனிக்கிழமை அளவையும் ஏற்றி, தேதிகளைப் பார்த்து, உங்களுக்கு ஒரே ஒரு பக்கம் தர வேண்டும். எது தாமதம், முடியும் தேதி எவ்வளவு தள்ளியது, இந்த வாரம் நீங்கள் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தால் போதும். அந்த நாளில் அவளைத் தளத்துக்கோ பேங்குக்கோ அனுப்பாதீர்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஒரு குறிப்பு. மென்பொருள் கட்டணத்துக்குக் கட்டும் வரியை, ஒப்பந்த வேலைகளில் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலிலிருந்து உள்ள ஒரு சதவீத, ஐந்து சதவீத முறையில் விற்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு உள்ளீட்டு வரி கிடையாது. நான்கு வேலைக்கும் பொதுவாக ஒரே மென்பொருள் வாங்கினால் எந்த விகிதத்தில் எடுப்பது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, செய்ய வேண்டியது

சரவணம்பட்டிக் கட்டிடத்தை மட்டும் புராஜெக்ட்லிப்ரேயில் போடச் சொல்லுங்கள். டைரியிலிருந்து நாட்களும், மேலே சொன்ன நாட்காட்டியும், முட்டு விதிகளும் அதில் இருக்கட்டும். மற்ற மூன்று தளங்களுக்கும் வெள்ளைப் பலகையும் சனிக்கிழமைக் கேள்விகளும் போதும். இப்படி எட்டுச் சனிக்கிழமை ஓடட்டும்.

எட்டு வாரமும் விடாமல் புதுப்பித்திருந்தால் ஆபீஸுக்கு மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் ஒன்று வாங்குங்கள். ஐந்து சோதனைகளிலும் தேறிய செல்போன் ஆப் ஒன்றை ஒரே ஒரு தளத்துக்கு மாதச் சந்தாவில் எடுத்துப் பாருங்கள், ஆண்டுச் சந்தா வேண்டாம். மூன்றாவது வாரத்திலேயே நின்றுபோயிருந்தால் ஏன் நின்றது என்று பாருங்கள். அளவு எடுக்க ஆள் இல்லையா, திங்கட்கிழமை மகளுக்கு வேறு வேலை கொடுத்தீர்களா, அவள் தந்த ஒரு பக்கத்தை நீங்கள் படிக்கவில்லையா? பெரும்பாலும் கடைசிக் காரணமாகத்தான் இருக்கும். முதலாளி படிக்காத அறிக்கையை யாரும் நெடுநாள் எழுதமாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கும் மென்பொருள் சந்தையில் இல்லை, அதனால் அது தீரும்வரை எதற்கும் பணம் கட்டாதீர்கள்.